ஆடி முடியட்டும், அன்பே

அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது என்று நம்பினேன். அதுதான் என் முதல் முட்டாள்தனம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அதற்கு முன்னாலேயே ஒன்று நடந்துவிட்டது. அவள் என்னைக் காதலிக்கிறாள் என்று நம்பியிருந்தேன். ஐம்பதைத் தாண்டி, முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்க, பொம்மிடியில் மைக் செட் வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் ஒருவனை, சிங்கப்பூரில் அழகுசாதனக் கம்பெனி நடத்தும் பெண் ஒருத்தி நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காமல் காதலிக்கிறாள். இதை நம்பினேன். நம்பியதோடு விடாமல், அவள் ரசனையைப் பாராட்டவும் செய்தேன்.

அப்படிப்பட்டவளிடமிருந்து ஒரு மத்தியானம் இந்தச் செய்தி வந்தது.

"மாமியா வூட்டுல மாட்டிக்கிட்டேங்க. வுட மாட்டேங்கறாங்க."

படித்ததும் எழுந்து வாசலை எட்டிப் பார்த்தேன். மாமியார் இருந்தால் புருஷன் இருப்பான். புருஷனுக்கு அண்ணன் தம்பிகள் இருப்பார்கள். டீ வருவதற்குள் அவளுக்கு ஒரு பெரிய குடும்பத்தையே அமைத்துக் கொடுத்து, ஆளுக்கொரு அரிவாளும் கொடுத்துவிட்டேன். போனில் இருந்த என் படத்தை எடுத்துவிட்டு ரோஜாப்பூப் படம் வைத்தேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். சிங்கப்பூரிலிருந்து பொம்மிடிக்கு வர ஒருத்தனுக்கு எவ்வளவு நேரமாகும் என்றெல்லாம் கணக்குப் போடும் நிலையில் நான் இல்லை.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் குனிந்து எட்டிப்பார்த்தார். "சவுண்டு சர்வீஸ் ஓனர் யாருங்க?"

"அவரு செத்துட்டாருங்க" என்றேன்.

"அடக் கடவுளே. காதுகுத்துக்குச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எனக்காக ஒரு நிமிஷம் தலைகுனிந்து நின்றுவிட்டுப் போனார். அந்தக் காதுகுத்து எதிர்க் கடைக்குப் போயிற்று.

எல்லாம் ஒரு தப்பான நம்பரில்தான் ஆரம்பித்தது. "வணக்கம், யோகா ஆசிரியர் அவர்களே. நாளைய வகுப்பு எத்தனை மணிக்கு?" என்று ஒரு செய்தி. "ராங் நம்பர்" என்று இரண்டு வார்த்தை அனுப்பியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எனக்கு அந்தப் புத்தி கிடையாது. கல்யாண வீட்டில் மைக் டெஸ்ட் செய்யச் சொன்னால் மாப்பிள்ளையின் மாமாவை வம்புக்கு இழுப்பவன் நான். "ஆறு மணிக்கு. தலைகீழாக நிற்கும் பாடம். தலையை மறக்காமல் எடுத்து வரவும்" என்று எழுதினேன்.

அந்தப் பக்கம் சிரித்தது. மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக வந்து விழுந்தன. என் நகைச்சுவைக்கு என் வீட்டில் கடைசியாகச் சிரித்தது என் மகள். அவளும் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு கேள்வி வரும். "நீங்கள் உங்கள் மதிய உணவை உட்கொண்டு விட்டீர்களா?" என்ன கௌரவமான தமிழ் என்று மெச்சிக்கொண்டேன். சிங்கப்பூரில் எல்லாரும் பாடப்புத்தகம் மாதிரிதான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். சிரிக்காமல் ஒன்று சொல்கிறேன். சாப்பிட்டாயா என்று ஒரு ஆள் கேட்பதற்கு நான் ஏங்கிப் போயிருந்தேன். வீட்டில் சோற்றுக்குக் குறையில்லை. தட்டு வரும், சோறு வரும், குழம்பு வரும். கேள்விதான் வராது. தினமும் சூரியன் உதிக்கிறதா என்று யாராவது விசாரிக்கிறார்களா? அந்த மாதிரி. மகள் போன் செய்தால், "அம்மா கிட்ட குடுப்பா" என்பாள்.

அதனால் கேள்வி வரும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பேன். "இன்னும் இல்லை" என்று எழுதினால் "ஏன்?" என்று இன்னொரு செய்தி சேர்ந்து வருமே, அதற்காக. மதியம் மூன்று மணிக்குக் குடல் கத்தும். காதலென்றால் சும்மாவா என்று வயிற்றைத் தடவிக்கொள்வேன்.

ஒருநாள் களி தின்றேன் என்று எழுதியதற்குச் சட்டென்று பதில் வந்தது. "வூட்டுல களியா? தொட்டுக்க என்னங்க, கடைசலா?"

எனக்காக எங்கள் ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொள்கிறாளே என்று உருகிப் போனேன். அதிலிருந்து பாடப்புத்தக வாக்கியங்களுக்கு நடுவே சின்னச் சின்னதாக நம் வார்த்தைகள் வந்து விழும். அந்தாண்ட, இந்தாண்ட, வூடு. அந்த வரிசையில்தான் மாமியார் வீடும் வந்தது. நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் போனேன்.

சோற்றுக் கூடையோடு வந்த என் மனைவி ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"எதுக்குங்க பொட்டிக்குப் பின்னாடி குந்திக்கிட்டு இருக்கீங்க? கடன்காரன் எவனாச்சும் வந்துட்டானா?"

நான் பதில் சொல்லத் தேடுவதற்குள் போன் அவள் கைக்குப் போய்விட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியார் எதிரே நிற்கிற மாதிரி நின்றேன்.

"யோகா மாஸ்டரா? குனிஞ்சு செருப்பு மாட்டவே மூச்சு வாங்குது உங்களுக்கு."

"அது ஒரு தமாசுக்கு..."

"செல்லமாம். என்னைய இத்தன வருசத்துல ஒரு தடவ சொல்லியிருப்பீங்களா?"

"சொன்னேனே. கல்யாணமான புதுசுல, கெணத்துக்கிட்ட."

"அது பக்கத்து வூட்டு நாய்க்குட்டிய."

தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றாள். இரண்டு தரம் படித்தாள். முகத்திலிருந்த நக்கல் போய்விட்டது.

"ஏங்க, இது பொம்பள இல்லீங்க."

"பின்ன?"

"எந்தப் பொம்பள தான் வாழற வூட்ட மாமியா வூடும்பா? எங்கூடும்பா. சண்டன்னா அவங்கூடும்பா. எந்தம்பி சாராயக் கேசுல உள்ள போனப்ப எங்கம்மா ஊருக்கெல்லாம் என்னன்னு சொல்லுச்சு?"

"மாமியா வூட்டுக்குப் போயிருக்கான்னு."

"அவனுக்கு அப்பக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆவல."

"அதத்தான் சொல்றேன்" என்றாள்.

ஜெயில். எங்கோ அடைபட்டுக் கிடக்கும் நம் பக்கத்து ஆள் ஒருவன், பெண் வேஷத்தில், எனக்குச் செய்தி அனுப்புகிறான். இதை நான் கிரகிப்பதற்குள் அவள் கட்டைவிரலால் தட்ட ஆரம்பித்துவிட்டாள். "மாமியா வூட்டுல எத்தன பேரு?"

பதில் கொஞ்ச நேரம் கழித்து வந்தது. "பெரிய குடும்பங்க. நம்ம பக்கத்துச் சனங்களும் இருக்காங்க. வேல கம்மியானா மாமனாரு கரண்டு வெக்கறாரு."

கரண்டு என்றதும் எனக்குச் சீரியல் லைட்தான் ஞாபகம் வந்தது. பரவாயில்லையே, வெளிச்சத்துக்கு ஏற்பாடு செய்கிறாரே என்றுகூட நினைத்தேன். மனைவி போனை மெதுவாக மடியில் வைத்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

உறைத்ததும் நான் செய்த முதல் காரியம், போனை அணைத்து ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியது. சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அதுவும் போதாதென்று கைக்குட்டையை மேலே வைத்தேன்.

"அவன் அங்க பூட்டிக் கெடக்கறான். நீங்க இங்க போனப் பூட்டறீங்க" என்றாள். "தொறங்க."

மறுநாள் தருமபுரிக்குப் போனோம். சைபர் குற்றங்களைப் பார்க்கும் பெண் எஸ்.ஐ. ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே, "மேடம், நான் யோகா மாஸ்டர் இல்லீங்க. சத்தியமா இல்லீங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவி போனை மேஜைமேல் வைத்தாள். எஸ்.ஐ. பொறுமையாகப் படித்தார். தலையை எடுத்துவரச் சொன்ன இடத்தில் மட்டும் உதடு கொஞ்சம் கோணிற்று.

பிறகு சொன்னார். கம்ப்யூட்டர் வேலை, தாய்லாந்து, நல்ல சம்பளம் என்று ஏஜெண்டுகள் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள். அங்கிருந்து எல்லை ஆற்றைத் தாண்டி மியான்மர் பக்கம் கடத்துகிறார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, பெரிய மதில் போட்ட கட்டடங்களில் அடைத்து, ஊரை ஏமாற்றும் வேலை செய்ய வைக்கிறார்கள். காதல் பேசி, முதலீடு என்று சொல்லிப் பணம் கறப்பது. எழுத வேண்டிய வாக்கியமெல்லாம் அவர்களே கொடுப்பார்கள். பிள்ளைகள் சொந்தமாக எழுதுவதை ஒரு மேஸ்திரி மொழிபெயர்க்கும் மிஷினில் போட்டுப் பார்ப்பான்.

"மாமியா வூடுன்னா மிஷினு நெசமாவே மாமியார் வீடுன்னுதான் சொல்லும். கெட்டிக்காரப் பையன்" என்றார்.

"எப்ப மேடம் போய்க் கூட்டியாறீங்க?"

"சார், நான் தொப்பூர் கணவாயத் தாண்டணும்னாலே மேல கேக்கணும். அது ஆத்துக்கு அந்தாண்ட இன்னொரு நாடு. அந்த இடத்துல அந்த நாட்டுச் சர்க்கார் பேச்சே எடுபடாது, துப்பாக்கி வெச்சிருக்கற வேற கூட்டத்து ராஜ்யம். அவங்க கதவத் தொறக்கணும். ஆத்துக்கு இந்தாண்ட தாய்லாந்து, இவங்கள கள்ளத்தனமா வந்தவங்கன்னு உள்ள போடாம, கடத்திட்டு வரப்பட்டவங்கன்னு ஏத்துக்கணும். நம்ம தூதரகம், ஆமா இது எங்க புள்ளதான்னு சொல்லணும். இது அத்தனையும் ஒரே சமயத்துல நடக்கணும்."

எனக்கு இது நன்றாகவே புரிந்தது. இரண்டு ஊருக்குப் பொதுவான தேர்த் திருவிழாவுக்கு மைக் கட்டியவன் நான். இந்த ஊர்த் தலைவர் பெயரை முதலில் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் வடத்தைக் கீழே போட்டுவிடுவார்கள். தேர் அங்கேயே நிற்கும். அதைச் சொன்னேன்.

"அதேதான் சார். இங்க ஊரு அதிகம், அவ்வளவுதான். ஆனா நம்ம புள்ளன்னு சொல்ல, அவன் யாருன்னு மொதல்ல தெரியணும். நேரா பேரு கேக்காதீங்க, மாட்டிக்குவான். பேச்சுவாக்குல புடிங்க. ஒண்ணு, காதல மட்டும் நிறுத்திராதீங்க. நீங்க போயிட்டா அவனுக்குத்தான் அடி."

"நீங்க சொல்லிட்டீங்கல்ல மேடம், நல்லாப் பண்ணுவாரு" என்றாள் என் மனைவி. "வூட்டுல சும்மாதான் குந்தியிருக்காரு."

இப்படியாக, போலீஸ் உத்தரவின் பேரில், கட்டிய மனைவியின் மேற்பார்வையில், முகம் தெரியாத ஒரு பையனை நான் காதலிக்க ஆரம்பித்தேன். மிஷினுக்காகச் செந்தமிழில் ஒரு வரி, அவனுக்காக நம் பேச்சில் ஒரு வரி. "அன்பே, உன் நினைவில் நான் உறங்கவில்லை" என்று நான் எழுதுவேன். "அங்க மழையா, வெயிலா?" என்று மனைவி பின்னாலேயே தட்டுவாள். அவனும் நிலவு, தென்றல் என்று நாலு வரி அனுப்பிவிட்டு, இடையில் ஒன்றை நழுவவிடுவான்.

ஒருநாள் இப்படி நழுவவிட்டான். "அரூர்ல இருந்து மலைக்குப் போற பஸ்ஸு இன்னும் கடைசி வளைவுல நின்னு மூச்சு வாங்குதுங்களா? ஒரு தடவ அந்த பஸ்ஸுல ஏறுனாப் போதுங்க. சீட்டு வேணாம். படியில நின்னுக்கிட்டே வருவேன். சாமை வெதச்சிருப்பாங்க இந்நேரம்."

மனைவி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.  நான் எத்தனையோ தரம் சபித்த பஸ் அது. சித்தேரித் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கரை அதன் தலையில் ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு வளைவிலும் குலதெய்வத்தைக் கூப்பிட்டிருக்கிறேன். அதில் தொங்கிக்கொண்டு வர ஒருத்தன் ஏங்குகிறான்.

அந்த பஸ்ஸிலேயே இரண்டு பேரும் சித்தேரி போனோம். தாய்லாந்து போன பையன் எந்த வீடு என்று கேட்டதும் கை காட்டினார்கள். அவன் அம்மா வீட்டில் இல்லை. ஊருக்கு மேலே ஒரு பாறையில் நின்றுகொண்டிருந்தாள். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"டவரு இங்கதாண்ணா கெடைக்கும்" என்றாள் என்னிடம். "எம்பையன் கம்பெனில இருக்கறான். முன்ன வாரம் தவறாமப் பேசுவான். இப்ப கொஞ்ச காலமா டவரு சரியில்ல, அதான் வர மாட்டேங்குது."

ஊர் முழுக்கக் கேட்கும்படி மைக்கில் பேசியே பிழைத்தவன் நான். அன்றைக்கு என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. மனைவி அவளைப் பாறையிலேயே உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள். முழுவதையும் கேட்ட பிறகு அந்தம்மா ஒன்றுதான் கேட்டாள்.

"சோறு போடறாங்களாமா?"

அன்றே எங்களோடு கீழே இறங்கி வந்துவிட்டாள். எஸ்.ஐ.யிடம் கூட்டிப் போனோம். பையனின் பெயர், படம், பிறந்த ஊர் எல்லாம் தருமபுரியிலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து தூதரகத்துக்கும் போயிற்று. அம்மா எங்கள் வீட்டிலேயே தங்கினாள். அவள் எங்களோடு இருப்பதை அவனுக்குச் சொல்லக்கூடாது, அவன் உணர்ச்சிவசப்பட்டுக் காட்டிக்கொடுத்துக்கொள்வான் என்று எஸ்.ஐ. கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அதனால் நான் காதல் பேசுவதைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. "உன் கருவிழிகளை எண்ணி" என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால் எதிரே அந்தம்மா. என் வாழ்க்கையில் அவ்வளவு கூச்சப்பட்டதில்லை. அவளுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருநாள், "நான் ஒண்ணு கேக்கலாங்களாண்ணா? நான்னு சொல்லாம?" என்றாள்.

"என்னம்மா?"

"என்ன சாமி, தின்னயா? அவ்வளவுதான். அப்பிடியே அடிங்க."

காதலன் காதலியைக் கேட்கிற கேள்விதானே, தப்பில்லை என்று மனைவி சொன்னாள். அடித்தேன். என்ன சாமி, தின்னயா.

அவன் டைப் செய்வதாகக் காட்டியது. நின்றது. திரும்பக் காட்டியது. நின்றது.  பிறகு வந்தது.

"தின்னேன். நீ தின்னயா?"

அதுவரை அவன் என்னிடம் ஒரு 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை எழுதியதில்லை. காதல் வேஷத்திலும் வாங்க, போங்க, தூங்குங்க என்றுதான் எழுதுவான். வயசுக்குக் கொடுக்கும் மரியாதை விரலிலேயே ஊறியிருந்தது. இப்போது 'நீ' என்கிறான். நான் சொல்லாமலே மூன்று பேருக்கும் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"தின்னுட்டேன்னு சொல்லுங்கண்ணா" என்றாள் அந்தம்மா. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்தவள்.

அதற்குப் பிறகு தினமும் அந்தக் கேள்வி போகும், அதே பதில் வரும். வேறு எதுவும் இருக்காது. அவள் அந்த ஒரு வரிக்காக விடிந்ததிலிருந்து காத்திருப்பாள். வந்ததும் போனை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டிருப்பாள்.

இதற்கிடையில் அங்கே நெருக்க ஆரம்பித்தார்கள். "மாமனாரு சீரு கேக்கறாருங்க" என்று எழுதினான். என்னை எப்படியாவது முதலீடு செய்ய வைக்கச் சொல்லி அவன் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எஸ்.ஐ.யைக் கேட்டேன். "பைசா அனுப்பாதீங்க. ஆனா நாள் கடத்துங்க. தாய்லாந்துல ஏத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. அந்தாண்டக்காரங்க இன்னும் நாள் சொல்லல" என்றார்.

நாள் கடத்துவது எப்படி? அப்போது ஆடி பிறந்திருந்தது. ஆடி மாதத்தில் எங்கள் தொழிலில் அம்மன் கோயில் தவிர வேறு எதுவும் நடக்காது. கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, பத்திரம் இல்லை. முப்பது வருஷமாக நான் திட்டிய அந்த மாதத்தைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அன்பே, உனக்காக என் நிலத்தை விற்கிறேன்" என்று எழுதினேன். இல்லாத நிலம், எவ்வளவு வேண்டுமானாலும் விற்கலாம். "ஆனால் ஆடியில் பத்திரப்பதிவு செய்வது எங்கள் வழக்கமில்லை. ஆடி முடியட்டும், அன்பே."

மேஸ்திரி அதை மிஷினில் போட்டிருக்கிறான். மறுநாள் பாடப்புத்தகத் தமிழில் பதில் வந்தது. "ஆடி என்பவர் யார்? அவருடைய வேலையை விரைவாக முடித்துத் தருமாறு அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்."

மனைவி சிரித்துப் புரையேறிவிட்டாள். அந்தம்மாவுக்கும் சொன்னேன். வாயைச் சேலையால் மூடிக்கொண்டு குலுங்கினாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். "ஆடி ரொம்பப் பெரிய ஆள், யார் சொன்னாலும் சீக்கிரம் போக மாட்டார்" என்று பதில் அனுப்பினேன்.

அந்தச் சமயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிரே வந்துவிட்டது. மூன்று நாட்டு அதிகாரிகளுக்கு நான்தான் நேரம் வாங்கிக் கொடுக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைக்குப் போனேன். காதுகுத்துக்காரர் எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டார். அவர் பாவம், நான் செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆடி முடியும் தறுவாயில் ஒருநாள் காலை செய்தி வந்தது. "அன்பே, ஆடி முடிகிறது. நிலம் விற்பனை ஆகிவிட்டதா?" முழுக்கச் செந்தமிழ். பின்னால் நம் பேச்சில் ஒரு வரி வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை.

"கேளுங்கண்ணா" என்றாள் அந்தம்மா.

என்ன சாமி, தின்னயா என்று அடித்தேன்.

"ஆம், நான் என் உணவை உட்கொண்டேன். நிலம்?"

வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். என் மனைவி பின்னால் போனாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாமல், அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயத்தில் எனக்கு எப்போதும் கால்தான் வேலை செய்யும், தலை செய்யாது. நேராகப் பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து வந்த பாசஞ்சரில் இறங்கிய ஒவ்வொரு பையன் முகத்தையும் பார்த்தேன். மியான்மரிலிருந்து பாசஞ்சர் வண்டி வராது என்பது தெரியாமலில்லை. ஆனாலும் மறுநாளும் போனேன். டீக்கடைக்காரர், "யாருங்க வராங்க?" என்று கேட்டார். "சொந்தக்காரப் பையன்" என்றேன். பொய் என்று தோன்றவில்லை.

எஸ்.ஐ.க்கும் ஒன்றும் தெரியவில்லை. "பேரு மேல போயிருக்கு சார். ஆளு எங்க இருக்கான்னு இங்க உக்காந்து எப்படிச் சொல்ல?" என்றார்.  புதிதாக எழுதும் ஆளையும் விடாமல் பேசச் சொன்னார். பேசினேன். வூடு என்றேன், அந்தாண்ட என்றேன், களி என்றேன். எந்தத் தூண்டிலிலும் மீன் கடிக்கவில்லை. வேறு சீமைத் தமிழனோ, வெறும் மிஷினோ, தெரியவில்லை. அந்த 'நீ தின்னயா'வுக்காக நானும் ஏங்க ஆரம்பித்திருந்தேன். அது என்னைக் கேட்ட கேள்வி இல்லைதான். இருந்தாலும் என் கையில்தானே வந்து விழுந்துகொண்டிருந்தது.

அந்தம்மா மலைக்குத் திரும்பிப் போனாள். நாங்கள் எவ்வளவோ தடுத்தோம். "அங்க டவரு கெடைக்குதுண்ணா" என்றாள்.

ஆவணி போயிற்று. கல்யாணங்களுக்கு மைக் கட்டினேன். மணமேடையில் பேரைத் தப்பாகச் சொல்லி ஏச்சு வாங்கினேன். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, கோயிலில் குழாய் கட்டிக்கொண்டிருந்தபோது எஸ்.ஐ. அழைத்தார். ஏணியின் மேலிருந்தே எடுத்தேன். மீட்கப்பட்டவர்கள் பட்டியலில் பெயர் இருக்கிறது என்றார். பையன் தாய்லாந்துக் கரையில் இருக்கிறான் என்றார். எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. முழங்கால் தோல் போயிருந்ததை வைத்து, இறங்கவில்லை, விழுந்திருக்கிறேன் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பையனை ஒரு மாலை அரூர் பஸ் நிலையத்தில் பார்த்தது அதற்கும் சில வாரங்கள் கழித்து. விசாரணை, விமானம், டெல்லி, சென்னை எல்லாம் முடிந்து வந்திருந்தான். நான் நினைத்ததைவிடக் குள்ளம். அம்மா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றாள், விடவில்லை. அவ்வளவு காதல் பேசிய நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் நேராகப் பார்க்க முடியாமல் பஸ் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அத்த நல்லாயிருக்காங்களா?" என்றான்.

"வந்திருக்கா. அதோ, உனக்கு வாழைப்பழம் வாங்கறா."

"ஆடிய நெனச்சா இப்பவும் சிரிப்பு வருதுங்க மாமா" என்றான். சிரிக்கவில்லை. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் நின்றன.

நடந்தது இதுதான். ஆடி முடியப்போகிறது, நிலம் விற்ற பணம் இன்னும் வரவில்லை என்பதால், இந்த ஆளை வைத்து லாபமில்லையென்று அவனை அடித்து வேறொரு கட்டடத்துக்கு விற்றுவிட்டார்கள். என் தந்திரத்தின் பலன் அது. சில வாரங்கள் கழித்து, அந்தக் கரையில் துப்பாக்கி வைத்திருந்தவர்களும் தாய்லாந்தும் நம் தூதரகமும் பேசி ஒத்துக்கொண்டபோது, அவர்கள் திறந்துவிட்டது அந்த இரண்டாவது கட்டடத்தை. அதில் இருந்தவர்களை லாரியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தக் கரையில் பெயரைக் கேட்டுச் சரிபார்த்தார்கள். அவன் பெயர் தருமபுரியிலிருந்து முன்பே போயிருந்ததால் உடனே ஏற்றுக்கொண்டார்கள். அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். முதல் கட்டடம் திறக்கப்படவில்லை. அதில் அவனோடு இருந்த நம் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் வரவில்லை.